பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிட்டது, அப்புறம்? ஆய்வு முடிவுகளைப் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வேட்டில் முடிவுகள் வரும் நான்காம் அத்தியாயத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுடன் உட்கார்ந்து அட்டவணைகளைச் சரிபார்ப்பது பல வருடங்களாக என் வேலையில் ஒரு பகுதி. எம்.எட்., பிஎச்.டி., நர்சிங், மேலாண்மை என்று துறை மாறும். கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கணக்கென்றால் பயப்படுகிறவர்களும் படிக்கலாம். கழித்தல், வகுத்தல், அங்கங்கே ஒரு வர்க்கமூலம், அவ்வளவுதான்.

பி மதிப்பு 0.05-க்குக் கீழே இருந்தால் என் ஆய்வு வெற்றிதானே?

என் கதையையே சொல்கிறேன். என் முதல் ஆய்வேட்டின் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. புதிய கற்பித்தல் முறை ஒன்று, பழைய முறை ஒன்று, இரண்டு குழு மாணவர்கள், இரண்டு சராசரிகளை ஒப்பிடுகிற ஒரு டி-டெஸ்ட். “கணக்கிடப்பட்ட மதிப்பு அட்டவணை மதிப்பான 1.96-ஐ விட அதிகம், எனவே இன்மைக் கருதுகோள் மறுக்கப்படுகிறது” என்று மனப்பாடமாக ஒப்பித்து முடித்தேன். (இன்மைக் கருதுகோள் என்றால் ‘இரண்டு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை’ என்ற அனுமானம்.) வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சரிம்மா, எத்தனை மார்க் கூடுச்சு?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டு சராசரிகளும் அட்டவணையில்தான் இருந்தன. நானேதான் டைப் செய்திருந்தேன். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. கழித்தால் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் சொச்சம். “இந்த ஒரு மார்க்குக்காக டீச்சர் ஒவ்வொரு பாடத்துக்கும் ரெண்டு மணி நேரம் கூடுதலா தயார் பண்ணணுமா?” என்று அடுத்த கேள்வி வந்தது. பட்டம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இன்னும் பாக்கி.

அப்படியானால் பி மதிப்பு என்னதான் சொல்கிறது?

இரண்டு குழுக்களுக்கும் உண்மையில் எந்த வேறுபாடும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மாதிரி எடுக்கிற தற்செயலால் கொஞ்சம் முன்னே பின்னே வரும். உங்களுக்குக் கிடைத்த அளவு வேறுபாடோ, அதைவிடப் பெரியதோ அப்படித் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு? அதுதான் பி மதிப்பு. அதற்கு மேல் அதனிடம் எதுவும் கேட்கக் கூடாது.

இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. வேறுபாடு பெரியதா சிறியதா என்றும் சொல்லாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டு, ஆறு கோட்பாடுகளாக இதையெல்லாம் எழுத்தில் வைத்தது. 0.05 என்ற எல்லைக்கோடும் வானத்திலிருந்து இறங்கியதல்ல. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் எழுதிய நூலில், இருபதுக்கு ஒன்று என்பது வசதியான எல்லை என்று எடுத்துக்கொண்டார். அந்த வசதி நம் ஊரில் சட்டமாகிவிட்டது. 0.049 வந்தால் இனிப்பு, 0.051 வந்தால் துக்கம்.

‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்று எழுதுவது தவறா?

தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லே ஆளைக் கவிழ்க்கும். சாதாரணத் தமிழில் ‘குறிப்பிடத்தக்க’ என்றால் எடுத்துச் சொல்லும் அளவுக்குப் பெரியது என்றுதான் பொருள். “விலையில் குறிப்பிடத்தக்க உயர்வு” என்று செய்தித்தாள் எழுதினால் ஐம்பது பைசா ஏற்றம் என்று யாரும் நினைக்க மாட்டோம். ஆய்வேட்டில் அதே சொல் ‘தற்செயல் என்று தள்ளிவிட முடியாதது’ என்ற பொருளில் வருகிறது. பொருள் வேறு, உடுப்பு ஒன்று.

பள்ளிப் பாடநூல்களில் ‘மிகைகாண் நிலை’ என்று ஒரு சொல் உண்டு. கேட்டால் ஒன்றும் புரியாது என்று பலரும் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு: புரியாத சொல் தப்பான அர்த்தத்தையாவது தராது. உங்களுக்கு என் ஆலோசனை, ‘புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க’ என்று முழுசாக எழுதுங்கள். அடுத்த வாக்கியத்திலேயே எவ்வளவு என்ற எண்ணைப் போடுங்கள்.

ஒரே வேறுபாடு ஒருவருக்கு ‘உண்டு’ என்றும் இன்னொருவருக்கு ‘இல்லை’ என்றும் எப்படி வருகிறது?

இதைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். கீழே உள்ளவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்.

முதல் ஆய்வு: குழுவுக்கு 1,200 மாணவர்கள். பழைய முறையின் சராசரி 61.4, புதிய முறையின் சராசரி 62.6. இரண்டிலும் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 12. வேறுபாடு 1.2 மதிப்பெண். திட்டப் பிழை (இந்த வேறுபாடு தற்செயலால் எவ்வளவு ஆடும் என்ற அளவு) கண்டுபிடிக்க 2-ஐ 1,200-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 12-ஆல் பெருக்குங்கள்: 0.49 வரும். 1.2-ஐ 0.49-ஆல் வகுத்தால் 2.45, இதுதான் டி-டெஸ்டின் மதிப்பு. பி மதிப்பு 0.014. இன்மைக் கருதுகோள் மறுக்கப்பட்டது, கைதட்டல்.

இரண்டாம் ஆய்வு: குழுவுக்கு 30 பேர்தான். வேறுபாடு 6 மதிப்பெண், அதாவது முந்தையதைப் போல ஐந்து மடங்கு. திட்ட விலக்கம் அதே 12. திட்டப் பிழை இப்போது 3.1. 6-ஐ அதனால் வகுத்தால் 1.94. பி மதிப்பு 0.058. இன்மைக் கருதுகோள் ஏற்கப்பட்டது, முகம் வாடிப்போகிறது.

ஆறு மதிப்பெண் கூட்டிய முறை ‘பயனில்லை’ என்று அலமாரிக்குப் போகிறது; ஒரு மதிப்பெண் கூட்டியது ‘பயனுள்ளது’ என்று பரிந்துரைக்கப்படுகிறது. பி மதிப்புக்குள் இரண்டு சரக்கு கலந்திருப்பதுதான் காரணம்: வேறுபாட்டின் அளவு ஒன்று, ஆட்களின் எண்ணிக்கை இன்னொன்று. ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால் தூசி அளவு வேறுபாடும் 0.05-க்குக் கீழே போய்விடும்.

ஃபேஸ்புக் இதற்கு நல்ல சாட்சி. 2012 ஜனவரியில் ஒரு வாரம் 6,89,003 பயனர்களின் பக்கத்தில் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுகிற சொற்கள் மாறுகின்றனவா என்று பார்த்தார்கள். 2014-இல் முடிவு வெளியானபோது, கேட்காமல் மனிதர்களைச் சோதித்ததற்காக உலகம் கொதித்தது. கொதித்தது நியாயம். ஆனால் விளைவின் அளவு? மிகப் பெரியதே திட்ட விலக்கத்தில் 0.02 பங்குதான். கிட்டத்தட்ட ஏழு லட்சம் பேர் இருந்ததால் அந்தத் துளியும் புள்ளியியல் வலையில் சிக்கியது.

விளைவின் அளவு என்பதை எப்படிக் கணக்கிடுவது?

இரண்டு சராசரிகளின் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் போதும். ஆங்கில எழுத்தில் இதற்கு d, டி-டெஸ்டுக்கு t. தமிழில் இரண்டும் ‘டி’ ஆகிவிடும். அதனால் இதை, புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹன் பெயரால், ‘கோஹன் அளவு’ என்றே சொல்கிறேன். முதல் ஆய்வில் 1.2-ஐ 12-ஆல் வகுத்தால் 0.1. இரண்டாவதில் 6-ஐ 12-ஆல் வகுத்தால் 0.5.

0.1 என்றால் கண்ணுக்கு எப்படி இருக்கும்? புதிய முறையில் படித்த ஒருவர், பழைய முறையில் படித்த ஒருவர் என்று கண்ணை மூடிக்கொண்டு நூறு ஜோடி எடுங்கள். சுமார் 53 ஜோடியில் புதிய முறைக்காரர் முந்தியிருப்பார், 47-இல் பின்தங்கியிருப்பார். காசைச் சுண்டிப் போட்டால் 50-50. பெற்றோர் கூட்டத்தில் இப்படிச் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும், ‘0.05 மட்டத்தில்’ என்று ஆரம்பித்தால் காபிக்கு எழுந்து போவார்கள்.

0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது. இந்த அளவுகோல் போதுமா?

ஜேக்கப் கோஹன் அந்த எண்களைக் கொடுத்தபோதே, வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் பயன்படுத்தச் சொல்லித்தான் கொடுத்தார். நாம் எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை எடுத்துக்கொண்டோம். 0.05-ஐத் தூக்கி எறிந்துவிட்டு 0.5-ஐக் கும்பிடுவதில் என்ன பயன்?

துறைக்குத் துறை அளவு மாறும். பள்ளிக்கல்வித் தலையீடுகளை நிறைய மாணவர்களிடம் ஒழுங்காகச் சோதித்தால் 0.2-ஐத் தாண்டுவதே அபூர்வம். அங்கே 0.2 என்பது பெரியது என்று கல்வி ஆய்வாளர் மேத்யூ கிராஃப்ட் 2020-இல் எழுதினார். வலி பற்றிய ஆய்வில் வேறு கதை. பூஜ்ஜியம் முதல் பத்து வரையுள்ள வலி அளவுகோலில் சுமார் இரண்டு புள்ளி குறைந்தால்தான் நாள்பட்ட வலியுள்ள நோயாளிக்கே ‘பரவாயில்லை’ என்று தோன்றுகிறது. அரைப் புள்ளி குறைந்ததைச் செவிலிய ஆய்வேடுகள் மூன்று நட்சத்திரம் (பி மதிப்பு மிகச் சிறியது என்பதற்கான குறி) போட்டுக் காட்டுகின்றன. நட்சத்திரம் வலியைக் குறைக்காது.

விளைவு ரொம்பச் சிறியது என்றால் உபயோகமில்லை என்று எழுதிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின், மறுபாதிக்குப் போலி மாத்திரை கொடுத்தார்கள். 1988-இல் வெளியான முதல் அறிக்கையின்படி, ஆஸ்பிரின் எடுத்த 11,037 பேரில் 104 பேருக்கு மாரடைப்பு; போலி மாத்திரை எடுத்த 11,034 பேரில் 189 பேருக்கு. ஆஸ்பிரினின் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் அந்தப் பகுதியைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள்.

இதையே, இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவாகப் போட்டால் 0.034. வர்க்கப்படுத்தினால் 0.001. “மாறுபாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் விளக்குகிறது” என்று எழுதிக் குப்பையில் போட்டுவிடத் தோன்றும். மாரடைப்புத் தப்பிய 85 பேரிடம் போய் அதைச் சொல்ல முடியாது.

அதே எண்களை எத்தனை விதமாகச் சொல்லலாம் பாருங்கள். 1.71 சதவீதம் 0.94 ஆனது, அதாவது ஆபத்து 45 சதவீதம் குறைந்தது: இது விளம்பரக்காரர் சொல்கிற விதம். நூறு பேருக்கு 0.77 பேர் தப்பினார்கள்: இது சந்தேகப் பிராணி சொல்கிற விதம். சுமார் 130 பேர் ஐந்து வருடம் மாத்திரை சாப்பிட்டால் ஒருவருக்கு மாரடைப்பு தவிர்க்கப்படும்: எனக்குப் பிடித்தது இதுதான். நோயாளியும் மருத்துவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசக்கூடிய எண் அது.

மாத்திரையின் மறுபக்கம் ரத்தக்கசிவு. 2018-இல் வெளியான இன்னொரு சோதனையில், முக்கியமாக எழுபது வயதைத் தாண்டிய 19,114 பேரிடம் ஆஸ்பிரின் பெரிய பலன் காட்டவில்லை, ரத்தக்கசிவு மட்டும் கூடியது. 2022-இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு, இதய நோய் இல்லாத, 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் தடுப்புக்காக ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றது. மருந்து அதே மருந்துதான்; யாருக்கு, எந்தக் காலத்தில், எதற்கு ஈடாக என்பது மாறியது. (வீட்டில் ஏற்கெனவே மருத்துவர் சொல்லி எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம், அது வேறு விஷயம்.)

சராசரியில் உள்ள வேறுபாட்டைப் பார்த்தால் போதுமா?

சில சமயம் அதுவும் பாதிக் கதைதான். கணையப் புற்றுநோயில் ஜெம்சிடாபின் என்ற மருந்துடன் எர்லோடினிப் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்த சோதனையில் 569 நோயாளிகள். இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 5.91 மாதத்திலிருந்து 6.24 ஆனது. பி மதிப்பு 0.038. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் அனுமதி கொடுத்தது. கழித்துப் பார்த்தால் 0.33 மாதம், பத்து நாள். கூடவே தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு, விலை. புள்ளியியலுக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தைக் காட்ட வகுப்பில் இதைத்தான் எடுப்பேன்.

ஒரு மாணவி கேட்டார்: “மேடம், ஒரு வருஷம் தாண்டினவங்க எத்தனை பேர்?” நல்ல கேள்வி. அது 17 சதவீதத்திலிருந்து 23 சதவீதமானது. பெரும்பாலானவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சிலருக்குக் கணிசமான பலன் என்றும் இதைப் படிக்கலாம். அப்புறம் வகுப்பில் அன்றைக்கு வேறு பாடம் நடக்கவில்லை.

பி மதிப்பு 0.05-க்கு மேலே போனால் வேறுபாடு இல்லை என்றுதானே பொருள்?

இல்லை. சாவியை இருட்டில் ஐந்து நிமிடம் தேடிவிட்டு ‘வீட்டில் சாவியே இல்லை’ என்பது போல அது. மேலே சொன்ன இரண்டாம் ஆய்வின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைப் போட்டால் −0.2 முதல் 12.2 வரை வரும். அந்தத் தரவோடு ஒத்துப்போகிற உண்மையான வேறுபாடு பூஜ்ஜியமாகவும் இருக்கலாம், பன்னிரண்டு மதிப்பெண்ணாகவும் இருக்கலாம். ‘தெரியவில்லை, இன்னும் ஆட்கள் வேண்டும்’ என்பதுதான் நேர்மையான முடிவு.

முதல் ஆய்வின் இடைவெளி 0.24 முதல் 2.16 வரை. இங்கே தெளிவாகத் தெரிகிறது: எப்படிப் பார்த்தாலும் இரண்டு மதிப்பெண் சொச்சத்துக்கு மேல் இல்லை. ‘குறிப்பிடத்தக்க’ முடிவுதான் நடைமுறையில் சின்னது என்று அடித்துச் சொல்கிறது. ‘குறிப்பிடத்தகாத’ முடிவு பெரியதாகவும் இருக்கலாம் என்று கதவைத் திறந்து வைக்கிறது. ஆய்வேட்டில் ஒரே ஓர் எண்ணுக்குத்தான் இடம் என்றால் பி-யை விட்டுவிட்டு இந்த இடைவெளியைப் போடச் சொல்வேன்.

எவ்வளவு இருந்தால் ‘போதும்’ என்று யார் முடிவு செய்வது?

நீங்கள்தான், அதுவும் தரவு சேகரிக்கப் போகும் முன்பே. ‘எத்தனை மதிப்பெண் கூடினால் ஒரு தலைமையாசிரியர் கால அட்டவணையை மாற்றச் சம்மதிப்பார்?’ என்று நாலு தலைமையாசிரியர்களைக் கேளுங்கள். ஐந்து என்றால் ஐந்து. அதைக் கோடாக வையுங்கள். மாதிரியின் அளவும் அதிலிருந்துதான் வர வேண்டும். 80 சதவீதத் திறனோடு (உண்மையில் விளைவு இருந்தால் நூற்றுக்கு 80 தடவை அது சிக்கும்படி) 0.5 அளவு விளைவைப் பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும், 0.2 என்றால் ஏறக்குறைய 400. ‘முன்னாடி சீனியர் 300 எடுத்தாங்க’ என்பது காரணமே இல்லை.

செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரோனா கால இழப்பு பற்றித் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் சுமார் 19,000 குழந்தைகளை வைத்து ஆராய்ந்தார்கள். 2021 டிசம்பரில், அதே ஊர்களில் 2019-இல் அதே வயதில் இருந்த குழந்தைகளைவிடக் கணக்கில் 0.7 திட்ட விலக்கம், மொழியில் 0.34 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்தார்கள். நடு இடத்தில் இருக்க வேண்டிய ஒரு குழந்தை, நூறு பேர் வரிசையில் கணக்கில் கீழிருந்து 24-ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டது போல. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியானது. அப்படிச் சரியானதில் ஏறக்குறைய 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’யால் என்று கணக்கிட்டார்கள். கால் பங்கு என்றால் சிறிதா பெரிதா? தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, மாலையில் ஒன்றரை மணி நேரம். அந்தச் செலவுக்கு, அத்தனை பிள்ளைகளுக்கு, என் கணக்கில் அது பெரிது. அதே பலனுக்குத் தலைக்கு ஐயாயிரம் ஆகும் கணினித் திட்டம் வந்தால் வேறு பதில் சொல்வேன்.

பால், வாழிடம், தாய்மொழி, பெற்றோர் கல்வி என்று இருபது டெஸ்ட் போட்டேன். ஒன்றில் மட்டும் வந்திருக்கிறது. அதைப் பெரிதாக எழுதலாமா?

வேண்டாம். எதிலுமே உண்மையான வேறுபாடு இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று சாராத இருபது சோதனையில் ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு உண்டு.

சரி, ஆய்வேட்டில் எப்படித்தான் எழுதுவது?

வழக்கமாக வருவது: “சோதனைக் குழுவுக்கும் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் இடையே 0.05 மட்டத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது. எனவே ஆசிரியர்கள் அனைவரும் புதிய முறையைப் பின்பற்ற வேண்டும்.”

நான் திருத்திக் கொடுப்பது: “புதிய முறையில் படித்தவர்கள் சராசரியாக 1.2 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றனர் (95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.24 முதல் 2.16 வரை; பி = 0.014; கோஹன் அளவு 0.1). பயனுள்ள குறைந்தபட்ச உயர்வு 5 மதிப்பெண் என ஆய்வுக்கு முன் வரையறுத்திருந்தோம். இடைவெளியின் மேல் முனையும் அதைத் தொடவில்லை. எனவே கூடுதல் தயாரிப்பு நேரம் தேவைப்படும் இம்முறையை மதிப்பெண் உயர்வுக்காக மட்டும் பரிந்துரைக்க இயலாது.”

‘கைடு ஒத்துக்க மாட்டார்’ என்பார்கள். பி மதிப்பும் அதில் இருக்கிறது, கருதுகோள் வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை யாரும் என் வாக்கியத்தை அடித்துத் திருப்பி அனுப்பியதில்லை. ‘பரிந்துரைக்க இயலாது’ என்பதைப் பார்த்து மட்டும் சிலர் முகம் சுளித்திருக்கிறார்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் விளைவின் அளவைத் தானாகக் காட்டுமா?

2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து டி-டெஸ்டின் கீழேயே தனி அட்டவணையாக வரும். இலவசமாகக் கிடைக்கிற ஜாஸ்ப், ஜமோவி இரண்டிலும் ஒரு டிக் போட்டால் போதும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் கையால் போடலாம்: முதல் ஆய்வின் 2.45-ஐ, ‘1-ஐ 1,200-ஆல் வகுத்தது’ இரண்டின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் எடுத்து அதனால் பெருக்குங்கள், அதே 0.1 வரும்.

புதிய பதிப்பில் ஒரு வழுக்குப் பாறை உண்டு. அந்த அட்டவணையின் முதல் எண் நெடுவரிசைக்கு ‘ஸ்டாண்டர்டைசர்’ என்று தலைப்பு. அது வெறும் திட்ட விலக்கம். விளைவின் அளவு அதற்கு அடுத்த நெடுவரிசையில், ‘பாயின்ட் எஸ்டிமேட்’ என்ற பெயரில் இருக்கும். போன மாதம் ஒருவர் கோஹன் அளவு 12.04, ‘மிக மிகப் பெரிய விளைவு’ என்று அச்சடித்து, பைண்டிங்கும் போட்டு எடுத்து வந்தார்.